எந்த விலை என்று சொல்லுங்கள்

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம்முடைய காரை விற்க முடிவு செய்தார். 2017ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் வண்டி, ஒரே கை, ஓடியது 58,000 கிலோமீட்டர். சர்வீஸ் பில்களைத் தேதிவாரியாக அடுக்கி ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கும் மனிதர் அவர். ஓர் இணையதளத்தில் வண்டி எண்ணைத் தட்டியதும் 4,10,000 ரூபாய் என்று வந்தது. இன்னொரு தளம் 3,55,000 என்றது. இன்சூரன்ஸ் பாலிசியைப் பிரித்துப் பார்த்தால் அதில் வண்டியின் மதிப்பு 2,90,000. முதல் நாளிலிருந்து அந்த வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக், பானட்டைத் திறக்காமலே, "மூணேகால் வரைக்கும் போகும் சார்" என்றார்.

4,10,000 என்று காட்டிய நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பெயிண்டின் கனம் அளக்கும் கருவியைக் கதவுக் கதவாக வைத்துப் பார்த்தார். டயர் பட்டனைப் பார்த்தார், அடியில் குனிந்து துருவைப் பார்த்தார், ஐம்பது அறுபது படம் எடுத்தார். ஒரு மணி நேரம் கழித்துத் தொலைபேசி அழைப்பு வந்தது. "சார், சிஸ்டத்துல 2,85,000தான் காட்டுது. இன்னைக்கு ஒரு நாள்தான் இந்த ரேட்." எதற்கு எவ்வளவு குறைத்தீர்கள் என்று ஆசிரியர் கேட்டார். சிஸ்டம்தான் பதில். புது வண்டிக்கு முன்பணம் கட்டியாகிவிட்ட நிலையில் அவர் சாவியைக் கொடுத்துவிட்டார். மூன்று வாரத்தில் அதே கார், அதே நிறுவனத்தின் பக்கத்தில், 3,95,000 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. பின் கண்ணாடியில் பேரன் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் தடம் படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு மாதத்துக்குள் ஒரு வண்டிக்கு ஆறு விலை. இவற்றில் எது பொய் என்று கேட்டால், தனித்தனியாக எதையும் பொய் என்று சொல்லிவிட முடியாது. அந்த இடத்தில்தான் இந்த அநியாயம் ஒளிந்திருக்கிறது.

நம் சந்தைகளில் விலைக்கு மூன்று பெயர் உண்டு. விற்பவர் சொல்வது சொன்ன விலை. வாங்குபவர் கேட்பது கேட்ட விலை. இரண்டும் எங்கோ ஓரிடத்தில் சந்தித்தால் அது படிந்த விலை. கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசும் பிள்ளைக்குக்கூட இந்த மூன்றும் வேறு வேறு என்று தெரியும். பழைய காருக்கு விலை சொல்லும் தளங்களும் கையேடுகளும் இந்த மூன்றையும் கலந்து, அதற்கு 'சந்தை மதிப்பு' என்று ஒரே பெயர் வைத்துவிட்டன. ஒரு தளம், விளம்பரங்களில் உரிமையாளர்கள் குறித்திருக்கும் விலைகளைத் திரட்டிச் சராசரி எடுக்கிறது. அது சொன்ன விலை. அந்த வண்டிகளில் எத்தனை அந்த விலைக்குப் போயின என்பது அதற்குத் தெரியாது. இன்னொன்று, வியாபாரிகள் தங்களுக்குள் நடத்தும் ஏலத்தில் கைமாறிய தொகையைப் பார்க்கிறது. அது மொத்த விலை. வண்டியைத் துடைத்து, டிங்கரிங் பார்த்து, லாபம் வைத்து விற்கப் போகிறவர்கள் தருவது. மூன்றாவது ஒன்று, புது வண்டியின் விலையில் வயதுக்கு இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொண்டே போகிறது. அது கணக்கு விலை. வண்டியைப் பார்க்காமலே போடப்பட்டது.

எனவே கையேடுகள் வேறுபடுவது இயல்பு. வேறுபடத்தான் செய்யும். குற்றம் வேறுபாட்டில் இல்லை. "இது இன்ன விலை, இன்னார் இன்னாருக்குக் கொடுக்கும் விலை" என்ற ஒரு வரியை மறைப்பதில் இருக்கிறது.

இந்தக் கையேடுகளுக்கெல்லாம் மூத்தது எப்படிப் பிறந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1918இல் மூன்று 'மாடல் டி' ஃபோர்டு கார்களோடு வியாபாரம் தொடங்கியவர் லெஸ் கெல்லி. தாம் வாங்க விரும்பும் வண்டிகள் எவை, அவற்றுக்கு எவ்வளவு கொடுப்பேன் என்று ஒரு பட்டியல் தயாரித்து மற்ற வியாபாரிகளுக்கும் வங்கிகளுக்கும் அனுப்பிவந்தார். நம்பகமாக இருந்ததால் அதற்கு மதிப்பு கூடியது. 1926இல் அது 'கெல்லி ப்ளூ புக்' என்ற புத்தகமாயிற்று. அதாவது, உலகின் புகழ்பெற்ற கார் விலைக் கையேடு ஒரு வியாபாரியின் கொள்முதல் பட்டியலாகத்தான் தொடங்கியது. வாங்குபவரின் பக்கம் நின்று எழுதப்பட்ட விலை அது. பல பத்தாண்டுகள் அது வியாபாரிகளின் மேசையில் மட்டுமே இருந்தது. பொதுமக்களுக்கான பதிப்பு 1993இல்தான் வந்தது. அதுவரை, காரை விற்க வந்தவர் முன்னால் உட்கார்ந்திருந்த வியாபாரிக்கு விலை தெரியும், வந்தவருக்குத் தெரியாது.

அந்த நாட்டில் வேறு கையேடுகளும் உண்டு. கார் வியாபாரிகள் சங்கத்தின் பெயரால் 1933இல் தொடங்கி வங்கிகளும் கடன் நிறுவனங்களும் புரட்டிப் பழகிய 'நாடா' கையேடு, இன்று ஜே.டி. பவர் நிறுவனத்திடம் இருக்கிறது. ஏல விலையை ஒட்டிப் போகும் 'பிளாக் புக்', 1966இல் தொடங்கிய 'எட்மண்ட்ஸ்' என்று ஒவ்வொன்றும் ஒரே வண்டிக்கு வெவ்வேறு தொகை சொல்லும். அங்கேயும் குழப்பம் உண்டு, சண்டை உண்டு. கெல்லி ப்ளூ புக்கை வைத்திருக்கும் காக்ஸ் குழுமத்திடமே மேன்ஹைம் என்ற மாபெரும் கார் ஏல நிறுவனமும் இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனாலும் ஒரு நல்ல வழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. கெல்லியின் தளத்தில் வண்டியைப் போட்டால், வியாபாரியிடம் மாற்றிக்கொடுத்தால் கிடைக்கும் விலை தனியாகவும், ஒரு தனிமனிதர் இன்னொரு தனிமனிதருக்கு விற்றால் கிடைக்கும் விலை தனியாகவும் வரும். வண்டியின் நிலையையும் நான்கு தரமாகப் பிரித்து, எந்தத் தரம் என்றால் என்ன என்று எழுதியிருப்பார்கள். பார்ப்பவருக்குத் தாம் எந்தக் கதவுக்கு முன்னால் நிற்கிறோம் என்பது தெரிகிறது.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட முயற்சிகள் வந்தன. மகிந்திரா ஃபர்ஸ்ட் சாய்ஸின் 'இந்தியன் ப்ளூ புக்', ட்ரூம் நிறுவனத்தின் 'ஆரஞ்சு புக் வேல்யூ' போன்றவை வந்தபிறகுதான், புரோக்கர் சொன்னதே விலை என்றிருந்த நிலை மாறி, வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு தொகையைப் பார்க்க முடிந்தது. அது நன்மை, மறுக்கவில்லை. ஆனால் பார்த்த தொகை யாருடைய தொகை என்ற கேள்வியைக் கேட்கும் பழக்கம் நம்மிடம் வளரவில்லை. கேட்டாலும் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் விதிக்கப்படவில்லை.

நிலம் விற்கும்போது இந்தக் குழப்பம் நமக்கு வருவதில்லை. பத்திரப்பதிவுத் துறை வெளியிடும் வழிகாட்டி மதிப்பு ஒன்று, ஊரில் மனை போகும் விலை வேறொன்று என்று சின்ன கிராமத்தில் இருப்பவருக்கும் தெரியும். வழிகாட்டி மதிப்பு எதற்காக, அதை வைத்தவர் யார், எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்பதெல்லாம் திறந்த புத்தகம். காருக்கு அப்படி எதுவும் இல்லை. வெளியே நிற்கும் தொகைகளுள் சட்ட அடிப்படை உள்ளது என்று சொல்லத்தக்கது இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கும் ஐ.டி.வி. மட்டும்தான். அதையும் பலர் வண்டியின் விற்பனை விலை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இங்கே ஏமாறுகிறவர்கள் வண்டியை விற்காதவர்கள். ஐ.டி.வி. என்பது வண்டி முழுச் சேதமானாலோ திருடு போனாலோ கம்பெனி தரும் தொகைக்கான அடிப்படை. தயாரிப்பாளர் குறித்திருக்கும் விற்பனை விலையில், பதிவுக் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்க்காமல், வயதுக்கேற்பக் கழிப்பது மோட்டார் கட்டண விதி வகுத்த முறை. ஆறு மாதம்வரை 5 சதவீதம், ஓராண்டுவரை 15, இரண்டாண்டுவரை 20, மூன்றாண்டுவரை 30, நான்காண்டுவரை 40, ஐந்தாண்டுவரை 50. எட்டு லட்சம் ரூபாய் விலையுள்ள வண்டிக்கு ஐந்தாம் ஆண்டில் நான்கு லட்சம் என்று கணக்கு நிற்கும். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுத்த வண்டியானாலும், நாள் முழுக்க ஊர் சுற்றிய வண்டியானாலும் கழிவு ஒன்றுதான். ஐந்து வருடம் தாண்டிவிட்டால் பட்டியலும் இல்லை. கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை.

இந்தப் 'பேசி ஒத்துக்கொள்வது' எப்படி நடக்கிறது? பாலிசி புதுப்பிக்கும் நாளில் அலைபேசித் திரையில் ஒரு கோடு வரும். அதை இடப்பக்கம் நகர்த்தினால் பிரீமியம் குறையும். "சார், ஆயிரத்து ஐந்நூறு மிச்சம்" என்று ஏஜென்ட் சொல்வார். மிச்சமானது ஆயிரத்து ஐந்நூறு. கூடவே வண்டியின் மதிப்பில் ஐம்பதாயிரமோ அறுபதாயிரமோ கரைந்திருக்கும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழுச் சேதமாகக் கருத வேண்டும் என்பது விதி. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், ஸ்டியரிங் வரைக்கும் தண்ணீர் நின்ற வண்டிகளின் உரிமையாளர்களுக்கு அந்தக் கோட்டை எங்கே நிறுத்தினோம் என்பதுதான் விடையாக வந்தது. மலிவான பிரீமியத்தைக் காட்டி மதிப்பைக் குறைக்க வைத்துவிட்டு, அதன் விளைவைச் சொல்லாமல் விடும் ஏஜென்டும் தளமும் செய்வது தொழில் திறமை என்று நாம் ஏற்கவில்லை. அது நம்பி வந்தவருக்குச் செய்யும் துரோகம்.

விலை காலத்தோடும் இடத்தோடும் நகரும் என்பதையும் இந்தக் கையேடுகள் பார்ப்பவருக்குச் சொல்வதில்லை. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது, செஸ்ஸும் போனது. புது வண்டியின் விலை ஒரே இரவில் குறைந்தால் பக்கத்தில் நிற்கும் பழைய வண்டியின் விலையும் இறங்கியே தீரும். முந்தைய வாரத்துத் தரவை வைத்துக்கொண்டு அன்று விலை சொன்ன எந்தத் தளமும் தவறான விலையைத்தான் சொல்லியிருக்கும். டில்லியில் பத்து வருடம் கடந்த டீசல் வண்டிக்குப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்து, 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்த கட்டுப்பாட்டால் அங்கே அடிமட்டத்துக்குப் போன வண்டி, வேறு மாநிலத்தில் வேறு விலை. கடலோரத்து உப்புக்காற்றில் நின்ற வண்டியின் அடிப்பாகமும் உள்நாட்டில் ஓடிய வண்டியின் அடிப்பாகமும் ஒன்றாக இருக்காது. இத்தனையையும் உள்ளடக்கிய ஒற்றைத் தொகை என்று எதுவும் இருக்க முடியாது. இருப்பதாகக் காட்டுவது, தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வது.

இப்போது முதல் கதைக்குத் திரும்புவோம். அந்த நிறுவனத்தின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் பார்க்க வேண்டும். வண்டியைத் தயார் செய்யச் செலவுண்டு. வாங்குபவருக்கு வாரண்டி கொடுக்கிறார்கள். விற்காமல் நிற்கும் நாளுக்கெல்லாம் வட்டி ஓடுகிறது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான தொகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் எல்லாப் பழைய வண்டிக்கும் அதை ஒரே விகிதமாக்கியது. ஆகவே 2,85,000க்கு வாங்கி 3,95,000 என்று பலகை வைத்ததை மட்டும் கொண்டு நாம் தீர்ப்பு எழுதவில்லை. வியாபாரி லாபம் வைக்கலாம்.

நாம் குற்றம் என்று சொல்வது 4,10,000 என்ற தொகையை. கொடுக்கும் எண்ணம் இல்லாத தொகை அது. வண்டியை வீட்டு வாசலிலிருந்து கிளப்புவதற்காக, மற்ற இடங்களுக்கு அவர் போகாமல் இருப்பதற்காகப் போட்ட தூண்டில் புழு. வந்து பார்த்த பிறகு குறைக்கலாம். எதற்கு எவ்வளவு என்று தாளில் எழுதிக் கொடுத்துக் குறைக்க வேண்டும். வலது கதவில் மறுபெயிண்ட், இத்தனை ரூபாய். நான்கு டயர் தேய்மானம், இத்தனை ரூபாய் என்று சொல்லக் கூடாத ரகசியம் அதில் என்ன இருக்கிறது? மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பார்ப்பவருக்கு அது மர்மமாக இருக்கும். ஆனால் துண்டுக்குள் இருக்கும் இரண்டு கைக்கும் விலை தெரியும். மறைக்கப்படுவது சுற்றி நிற்பவருக்கு மட்டும். இங்கே, தன் பொருளை விற்கும் மனிதருக்கே கணக்கு மறைக்கப்படுகிறது. சந்தைத் தரகரிடம் இருந்த நேர்மையைக்கூட இந்தத் திரை கைவிட்டுவிட்டது.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று அடியில் இருக்கிறது. வாங்கப் போகிறவரே மதிப்பும் போடுகிறார். அதற்குச் 'சந்தை மதிப்பு' என்று பெயரும் வைக்கிறார். அடகுக்கடைக்காரர் தம் கடைத் தராசில் நிறுத்தால்கூட அந்தத் தராசில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கிறது. நாலு லட்ச ரூபாய்ப் பொருளுக்கு மதிப்புப் போடும் கணக்குக்கு எந்த முத்திரையும் கிடையாது. வாங்கும் நிறுவனம் விலை சொல்லட்டும். "எங்கள் கொள்முதல் விலை" என்று சொல்லட்டும். தன் கொள்முதல் விலைக்குச் சந்தையின் பெயரைச் சூட்டும் உரிமை அதற்கு இல்லை.

கார் எக்ஸ்சேஞ்சில் இதே வேலை வேறு வேஷத்தில் நடக்கிறது. பழைய வண்டிக்கு இருபதாயிரம் கூட்டிப் போடுகிறேன் என்பார்கள். புது வண்டியின் தள்ளுபடியில் அதே இருபதாயிரம் சத்தமில்லாமல் குறைந்திருக்கும். இரண்டு விலையையும் தனித்தனித் தாளில் எழுதி வாங்கினால்தான் எது ஏறியது, எது இறங்கியது என்று தெரியும்.

சட்டம் முற்றிலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது என்று சொல்ல மாட்டோம். பதிவு செய்யப்பட்ட வண்டிகளை வாங்கி விற்கும் வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வண்டி கைமாறியதைப் பதிவு செய்வது, ஆவணங்களுக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. விலையைப் பற்றி அது பேசவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில், இணையத்தில் மக்களை ஏமாற்றும் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. ஒன்றைக் காட்டி வரவழைத்து வேறொன்றைக் கொடுப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. 4,10,000 காட்டி 2,85,000 கொடுப்பது அந்த வகையைச் சேர்ந்தது என்பது எங்கள் கருத்து. ஆனால் நுகர்வோர் சட்டம் பொருளை வாங்குபவரையும் சேவையைப் பெறுபவரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. தன் காரை ஒரு நிறுவனத்துக்கு விற்கும் ஆசிரியர் அதில் நுகர்வோரா என்று வாதம் கிளப்ப வக்கீலுக்கு இடம் இருக்கிறது. அந்த ஓட்டையை ஆணையம் ஓர் அறிவிப்பால் அடைக்க வேண்டும். காருக்கு விலை காட்டும் ஒவ்வொரு திரையும் அது கொள்முதல் விலையா, தனிநபர் விற்பனை விலையா, கடை விலையா என்று தொகைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் சொல்ல வேண்டும். எத்தனை விற்பனையை வைத்து, எந்தத் தேதிவரையிலான தரவை வைத்து என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். நேரில் பார்த்துக் குறைத்தால், குறைத்ததற்கான பட்டியல் விற்பவர் கைக்கு வர வேண்டும்.

வண்டியை விற்பவர்களும் இந்தத் தீர்ப்பிலிருந்து தப்ப முடியாது. மீட்டரைப் பின்னால் திருப்பி 1,10,000ஐ 60,000 ஆக்குகிறவர், வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு சீட் மாற்றி, வாசனை அடித்து "சிங்கிள் ஓனர், லேடி டிரைவன்" என்று விளம்பரம் போடுகிறவர், கையேடு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அதை நஞ்சாக்குகிறார். பொய்த் தரவின்மேல் போடும் சராசரியும் பொய்தான். அந்த வண்டியைக் கடன் வாங்கி எடுப்பவர் பெரும்பாலும் முதல்முறை கார் வாங்கும் குடும்பமாக இருக்கும். அல்லது வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க நினைக்கும் இளைஞராக இருப்பார். அவருக்கு இரண்டாவது வாய்ப்புக்குக் கையில் பணம் இருக்காது.

அரசு எப்போது விதி செய்யும் என்று காத்திருக்க நேரமில்லாதவர்கள் இந்த வாரமே வண்டியை விற்கப் போகிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். குறைந்தது மூன்று இடத்து விலையைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இது நீங்கள் வாங்கும் விலையா, விற்கும் விலையா என்று கேளுங்கள். உங்கள் ஊரில் அதே மாடல், அதே வருடத்து வண்டி கடைசியாக எவ்வளவுக்குப் படிந்தது என்று உங்கள் மெக்கானிக்கிடம் விசாரியுங்கள். "இன்னைக்கு ஒரு நாள்தான்" என்று எவர் சொன்னாலும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். கழித்த தொகைக்குக் கணக்கு எழுத்தில் வரும்வரை ஆர்.சி. புக்கையும் சாவியையும் கொடுக்காதீர்கள்.